நாற்காலியில் உட்காருகிறவர் மேல் ஒரு பிராது

“உங்குளுது இல்லன்னா அது ஏன் சார் உங்க முட்டியிலயே வந்து இடிச்சிக்கிட்டு நிக்குது?”

“எனக்குத் தெரியாதுங்க. எனுது இல்ல. கம்பெனிது.”

“கம்பெனிதுன்னா கம்பெனிக்காரன் வந்து டிக்கெட்டு எடுப்பானா? ஒரு ஆளு எடத்த அடைச்சிக்கிட்டு நிக்குது. லக்கேஜு போட்டுத்தான் ஆவணும்.”

“நான் ஏத்தலைங்க. அதுவா ஏறிச்சி.”

“அதுவா ஏறிச்சின்னா அதையே எறங்கச் சொல்லுங்க பாக்கலாம்.”

2008ஆம் வருஷம் கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் மூன்று மணிக்கு, திண்டிவனம் தாண்டிய விருத்தாசலம் பஸ்ஸில் நடந்த சண்டை இது. நாற்பத்தாறு வயதான மாணிக்கவேலின் பின்னால், அவர் பதினெட்டு வருஷம் வேலை பார்த்த கம்பெனியின் சுழல் நாற்காலி வந்துகொண்டிருந்தது. கருப்பு ரெக்சின் போட்டது, ஐந்து சக்கரம், இடது கைப்பிடியில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். கம்பெனி கேட்டில் அவர் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்த நிமிஷத்தில் அது லிப்டில் இறங்கி வந்தது. ரோட்டோரமாக, லாரிகளுக்கு வழிவிட்டு, நல்ல பிள்ளையாகவே வந்தது. இரண்டு முறை ஆட்டோ மாறினார். சந்துக்குள் நுழைந்து ஓடிப்பார்த்தார். கோயம்பேட்டில் கழிப்பறைக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தால் கதவோரம் நின்றது. பஸ்ஸில் பின்படி வழியாக ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி வைத்து ஏறி, அவருடைய சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டது.

முன் சீட்டில் முறுக்குத் தின்றுகொண்டிருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்து, “எனுது இல்லன்னுதான் மொதல்ல எல்லாரும் சொல்லுவாங்க. எங்க மச்சானும் அப்பிடித்தான் சொன்னாரு. நாலு நாளு கழிச்சி அதுலதான் ஒக்காந்து சோறு தின்னாரு” என்று சொல்ல, பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்தார். மாணிக்கவேல் தலையைக் குனிந்துகொண்டு லக்கேஜ் டிக்கெட் வாங்கினார். அந்தக் கம்பெனியில் மற்றவர்களுக்கு இப்படி நடப்பதை அவர் நிறைய முறை பார்த்திருக்கிறார். அவர் வெட்கப்பட்டது நாற்காலி வந்ததற்காக மட்டும் இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பேப்பரில் அவர் எழுதிய ஒரு வரிக்காகவும்தான். ஆனால் அந்த வரி பஸ்ஸில் யாருக்கும் தெரியாது.

அது இப்படி. டைல்ஸும் வாஷ் பேசினும் செய்கிற பெரிய கம்பெனி அது. நான்கு மாநிலத்தில் பாக்டரி, சென்னைக்கு வெளியே உள்ள பாக்டரியை ஒட்டித் தலைமை ஆபீஸ். விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ படித்த பையன்கள் என்றால் அவர்களுக்குத் தனி மரியாதை, ஏனென்றால் களிமண் காய்வதற்கும் சூளையில் வெடிப்பதற்கும் உள்ள கணக்கு இந்த ஊர்ப் பையன்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் வழியிலேயே தெரிந்துவிடும். அதனால் வருஷாவருஷம் மே மாதம் கம்பெனி ஆள் எடுக்க இங்கே வரும். வருகிறவர் பர்சனல் ஆபீசர் மாணிக்கவேல். சொந்த ஊர்க்காரர், ஆலடி ரோட்டில் வீடு, மனைவி கனகாவும் மகளும் இங்கேதான். அவர் பையன்களிடம் பேசுவதைவிட அவர்களுடைய அம்மாக்களிடம்தான் அதிகம் பேசுவார். 1997இல் கருவேப்பிலங்குறிச்சி ஆராயியிடம் அவர் சொன்னது இது: “யம்மா, இது கவருமெண்டு மாதிரி. உங்க புள்ள உள்ள போனான்னா பேரன் பேத்தி எடுத்துட்டுத்தான் வெளிய வருவான்.” அப்போது அவர் பொய் சொல்லவில்லை. அவரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் அந்தக் கம்பெனியிலிருந்து வெளியே போனவர்கள் எல்லாரும் தலை நரைத்து, மாலை போட்டு, சால்வையும் சுவர்க் கடிகாரமும் வாங்கிக்கொண்டு போனவர்கள். அவர்கள் பின்னால் எந்த நாற்காலியும் போனதில்லை.

ஆராயியின் மகன் அன்பரசன் நாலு வருஷம் வேலை பார்த்தான். சூளையிலிருந்து வருகிற பேசினை விரல் முட்டியால் தட்டி, சத்தத்தை வைத்து உள்வெடிப்பு இருக்கிறதா என்று சொல்வது அவன் வேலை. பிரம்பு பின்னிய மர நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு அறுநூறு பேசின் தட்டுவான். 2001இல் ஒரு சூளையை அணைத்தார்கள். பதினோரு பேர் லிஸ்ட். டைப் அடித்தது மாணிக்கவேல். பத்துப் பேர் அழுதுவிட்டுப் போனார்கள். பதினோராவதாகப் போன அன்பரசன் பின்னால் அந்த மர நாற்காலி எழுந்து நடந்தது. சக்கரம் இல்லாத நாற்காலி என்பதால் கன்றுக்குட்டி மாதிரி காலை மாற்றி மாற்றி வைத்து நடந்தது. வாட்ச்மேன் தடுத்தான். அது அவனைச் சுற்றிக்கொண்டு போனது. மாடி ஜன்னலிலிருந்து மாணிக்கவேல் இதைத் தன் கண்ணால் பார்த்தார்.

சாயங்காலம் மேலிடத்திலிருந்து கேட்டார்கள், ஒரு நாற்காலி குறைகிறதே, எப்படிப் போனது என்று. அதுவாகப் போனது என்று சொல்லியிருக்கலாம். வாட்ச்மேன் சாட்சி இருந்தான். ஆனால் அடுத்த வாரம் பிரமோஷன் லிஸ்ட் வருகிற நேரம், நாற்காலி நடந்தது என்று சொல்கிறவன் பெயரை யார் அதில் போடுவார்கள் என்று மாணிக்கவேலுக்குப் பயம். அதனால் அன்பரசனின் பைலில் ஒரு வரி எழுதினார்: நிறுவனத்தின் உடைமையான நாற்காலி ஒன்றை அனுமதியின்றி எடுத்துச் சென்றார். அந்த ஒரு வரியால் அன்பரசனுக்கு ரிலீவிங் லெட்டர் நின்றது. வேலையிலிருந்து ஒழுங்காக விடுவித்தோம் என்று பழைய கம்பெனி தருகிற அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அடுத்த கம்பெனி கேட்டைத் திறக்காது. அவன் மூன்று முறை சென்னைக்கு வந்தான். முதல் முறை, “மேல கேட்டிருக்கேன் அன்பரசு” என்றார். இரண்டாம் முறை மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லச் சொன்னார். மூன்றாம் முறை கேன்டீனில் சர்க்கரை மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். டீ போடுகிறவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் பியூஸ் கட்டை செய்கிற சின்ன சின்ன யூனிட்காரர்கள்கூட அன்பரசனை எடுக்கவில்லை. அவர்களுக்குப் பெரிய கம்பெனியின் தயவு வேண்டும். தவிர, திருட்டுச் சாமான் அவன் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. மறைக்க முடியாது. அவன் போகிற இடமெல்லாம் போகும். பெண் பார்க்கப் போனபோது கூடத்துக்குள் வந்து நின்றது. பெண் வீட்டார் மாப்பிள்ளையை விட்டுவிட்டு நாற்காலியைப் பற்றிக் கேட்டார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை தூக்கப் போனான். அங்கே யாரும் லெட்டர் கேட்பதில்லை.

ஆராயி மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டினாள். இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு மேலே, கோர்ட்டுக்கு மேலே அதுதான். இன்னார் எனக்கு இன்ன அநியாயம் செய்தார் என்று சாமிக்கு மனு எழுதி, மடித்துக் கட்டிவிட்டு வந்தால் தொண்ணூறு நாளில் கணக்குத் தீரும் என்பது நம்பிக்கை. எதிராளி இருக்கும் ஊர் கோயிலிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்றுகூடக் கேட்டு எழுதுவார்கள், சாமி போய்வர வேண்டிய தூரம் அல்லவா. காரியம் முடிந்தால் கட்டியவரே வந்து வாபஸ் வாங்க வேண்டும். அதுவரைக்கும் பிராது உயிரோடு இருக்கும்.

ஆராயிக்கு எழுதத் தெரியாது. கோயில் வாசலில் மனு எழுதித் தருகிற பக்கிரி கேட்டார், “யாரு மேலம்மா?”

“ஆபீசரு மேல.”

“எந்த ஆபீசரு? பேரு சொல்லு.”

“பேரு யாருக்குத் தெரியும்? எம் புள்ள பர்சனலு ஆபீசருன்னுதான் சொல்லுவான். அந்த நாக்காலில எவன் ஒக்காந்திருக்கானோ அவன் மேல எழுது.”

“அப்பிடியே எழுதிடவா?”

“அப்பிடியே எழுது. சாமிக்குத் தெரியாதா?”

பக்கிரி அப்படியே எழுதினார். மேற்படி கம்பெனியில் பர்சனல் ஆபீசர் நாற்காலியில் உட்காருகிறவர் மேல். சாமி எழுதிக் கொடுத்ததைப் படித்தது. எழுதாததைப் படிக்கவில்லை.

பத்து நாளில் விஷயம் ஆலடி ரோட்டுக்கு வந்தது. கனகா ஆபீசுக்கே போன் போட்டாள். “ஏங்க, உங்க மேல பிராது கட்டியிருக்காங்களாம். பேரு போடாம, அந்த நாற்காலில ஒக்காருறவருன்னு எழுதியிருக்காம். இன்னா பண்ணீங்க?” அவர் சிரித்தார். பல்பொடி விளம்பரம் மாதிரி ஒரு சிரிப்பு. அறுபதாம் நாள் வரைக்கும் சிரித்தார். எண்பதாம் நாள், முதுகு வலிக்கிறது, இந்த நாற்காலி ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதிக் கொடுத்து, டிரெயினிங் செக்ஷனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். அவர் இடத்துக்கு மதுரையிலிருந்து கோதண்டபாணி வந்தார். பாவம், நல்ல மனுஷன், வந்த அன்றைக்கே எல்லாருக்கும் அல்வா கொடுத்தவர். எண்பத்தெட்டாம் நாள் அவரை அனுப்பிவிட்டார்கள். என்ன காரணம் என்று அனுப்பியவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. அவருடைய நாற்காலி அவர் பின்னால் மதுரை வரைக்கும் போனது.

அதற்குப் பிறகு அந்த இடத்தில் யாரும் மூன்று மாதம் தாண்டவில்லை. ஒருவர் சண்டை போட்டுக்கொண்டு போனார். ஒருவரைப் புனேவுக்கு மாற்றி, அங்கே ஆபீஸே இல்லை என்று சொன்னார்கள். ஒரு அம்மா எழுபதாம் நாள் பிள்ளைப்பேறு லீவில் போய், திரும்பி வந்தால் அவருடைய பெயர் கம்ப்யூட்டரில் இல்லை. ஆறரை வருஷத்தில் பதினான்கு பேர். இடையில் மாதக்கணக்கில் இடம் காலியாகக் கிடந்ததும் உண்டு.

இதற்குள் கம்பெனி முழுவதுமே ஆள் தங்காத இடமாகிவிட்டது. மற்றப் பெரிய கம்பெனிகளும் அப்படித்தான் என்றார்கள். எட்டு வருஷம் இருந்தவனை ஏன் இன்னும் இருக்கிறாய் என்கிற மாதிரி பார்த்தார்கள். அவனும் பார்த்தான், மேலே போக வழியில்லை, பக்கத்துக் கம்பெனியில் கூப்பிடுகிறார்கள், போனான். அங்கே பதினோரு மாதம். இப்படி ஒருவன் பின்னால் மூன்று நான்கு நாற்காலிகள் வரிசையாக வந்தன. பண்டிகைக்கு ஊருக்கு வருகிறபோது உளுந்தூர்பேட்டை டோல் கேட் பக்கம் நாற்காலிகளால் நெரிசல் ஆனது. மங்கலம்பேட்டைக்கு துபாயிலிருந்து இரண்டு நாற்காலிகள் வந்தன, உப்புத் தண்ணீரில் சக்கரம் துருப்பிடித்து. கம்பெனி முதலில் நாற்காலிகளைச் சங்கிலியால் கட்டிப்பார்த்தது. மேஜையையும் இழுத்துக்கொண்டு போயின. பிறகு காண்டிராக்டில் ஆள் எடுத்தார்கள். அவர்களுக்கு நாற்காலியே கிடையாது, ஷிப்டில் எது காலியோ அதில் உட்கார வேண்டியது. அவர்கள் வேலை போய் ஊருக்கு வந்தபோது பின்னால் ஒன்றும் வரவில்லை. ரொம்ப நேரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

ஏன் ஆள் தங்குவதில்லை என்று கண்டுபிடிக்க பம்பாயிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். மாணிக்கவேல்தான் அவர்களுக்குக் கூட இருந்து பேப்பர் தயார் செய்தார். பிறந்தநாளுக்குக் கேக் வெட்ட வேண்டும், வெள்ளிக்கிழமை கலர் சட்டை போடலாம், சுவரில் சிரிக்கிற படங்கள் மாட்ட வேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள். பர்சனல் ஆபீசர் இடம் மட்டும் ஏன் இப்படி என்று அவர்கள் கேட்டபோது மாணிக்கவேல், ஏசி காற்று நேராக அடிக்கிற இடம் என்றார். அந்தப் பதினான்கு பேருக்கும் வழியனுப்பு விழாவில் கேக் வெட்டிக் கொடுத்தவர் அவர்தான். ஒவ்வொரு முறையும் பெரிய துண்டாகப் பார்த்து ஊட்டிவிட்டார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு நாள் பஸ் ஏறி கருவேப்பிலங்குறிச்சிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மகள் ஜெயஸ்ரீ படிப்பு முடியட்டும் என்றார், பிறகு பொங்கல் போகட்டும் என்றார்.

2008இல் உலகம் பூராவும் வியாபாரம் படுத்தது என்று டிரெயினிங் செக்ஷனை மூடினார்கள். ஆவணி மாதம் அவரைப் பழைய இடத்துக்கே அனுப்பினார்கள். முதல் நாற்பது நாள் அவர் நின்றுகொண்டே வேலை பார்த்தார். உட்கார்ந்தால்தானே என்று ஒரு கணக்கு. நாற்பத்தோராம் நாள் கால் வீங்கி, ஒரு கையெழுத்துக்காக நுனியில் உட்கார்ந்தார். தொண்ணூறாம் நாள் காலை பத்து மணிக்குச் சின்ன ரூமுக்குக் கூப்பிட்டார்கள். அவரிடம் வேலை கற்றுக்கொண்ட திட்டக்குடிப் பெண் சண்முகப்ரியா, பேப்பரைப் படித்துக் காட்டினாள். படிக்கும்போது அவள் குரல் இரண்டு இடத்தில் நின்றது. அவர்தான், “படிம்மா, பரவால்ல” என்றார்.

அன்று சாயங்காலம் ஆலடி ரோட்டில் நாற்காலி வந்து நின்றதும் கனகா பச்சைப் பூப்போட்ட பெட்ஷீட்டை எடுத்து வந்து அதன்மேல் போர்த்தினாள். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, துணி தேய்க்கிற ஸ்டாண்டு என்றாள். ஸ்டாண்டு அவர் கடைக்குப் போனால் கூடவே பெட்ஷீட்டோடு போனது. தெருவில் இன்னும் மூன்று வீட்டில் இதே மாதிரி போர்த்திய ஸ்டாண்டுகள் இருப்பதை மாணிக்கவேல் அப்போதுதான் கவனித்தார். யாரும் யாரிடமும் பேசிக்கொள்ளவில்லை.

ஜனவரி ஐந்தாம் தேதி சண்முகப்ரியா போன் செய்தாள். “சார், எனக்குப் பர்சனல் ஆபீசர் போஸ்ட் குடுத்திருக்காங்க. இன்னைக்குத்தான் ஒக்காந்தேன். மொத போன் உங்களுக்குத்தான் சார். அப்பாவுக்கு முடியல, தம்பி காலேஜு, இந்த நேரத்துல கெடச்சிது பாருங்க.” அவர் “நல்லா இரும்மா” என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல்லாமலே போனை வைத்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனார், பின்னால் நாற்காலியோடு.

ஆராயி வாசலில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் நாற்காலியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

“நீதானா அது?”

“நான்தாம்மா.”

“பேரன் பேத்தின்னு சொன்னியே, எங்க? காட்டு பாக்கலாம். எங்க வச்சிருக்க?”

வீட்டுக்குள்ளிருந்து அன்பரசன் வந்தான். முப்பத்து மூன்று வயதில் தோள் இரண்டும் மூட்டை தூக்கித் தழும்பேறியிருந்தது. திட்டுவான் என்றுதான் மாணிக்கவேல் எதிர்பார்த்தார், அடித்தாலும் வாங்கிக்கொள்வதாக வந்திருந்தார். அவன், “வாங்க சார். மோர் சாப்புடுறீங்களா?” என்றான். பிறகு மூலையிலிருந்த பிரம்பு நாற்காலியைக் காட்டி, “இதுல ஒக்காருங்க சார். எட்டு வருசமா இதுல யாரும் ஒக்காரல. திருட்டுப் பொருளுன்னு சொன்னதுக்கப்பறம் எனக்கும் ஒக்காரப் புடிக்கல” என்றான்.

மாணிக்கவேல் தரையில் உட்கார்ந்தார். அங்கேயே எல்லாவற்றையும் சொன்னார். ஜன்னலிலிருந்து பார்த்ததை, எழுதிய வரியை, சர்க்கரை மூட்டையை, எண்பதாம் நாள் மாற்றல் வாங்கியதை. பதினான்கு பேரைப் பற்றிச் சொல்கிறபோது ஆராயியின் கை நின்றது.

“நான் உன் மேலதானய்யா கட்டுனேன்.”

“பேரு இல்லியேம்மா. நாற்காலின்னு எழுதியிருக்கு. யாரு ஒக்காந்தாலும் அடிக்குது.”

“பதினாலு பேரா? புள்ளகுட்டிக்காரங்களா?”

“எல்லாரும்தான்.”

அவள் மல்லாட்டை முறத்தைத் தள்ளிவைத்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எனக்கே அசிங்கமா இருக்குது. நீ பண்ண பாவத்துல எனக்கும் பங்கு வச்சிட்டியே” என்றாள். இப்போது ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், திட்டக்குடிப் பெண், பங்குனிக்குள் பிராதை வாபஸ் வாங்காவிட்டால் அவளும் போய்விடுவாள் என்றார் அவர். ஆராயி சொன்னாள்: “வாங்கறேன். ஆனா வெறுங்கையோட சாமிகிட்டப் போயி இன்னான்னு சொல்லுவேன்? எம் புள்ள திருடன் இல்லன்னு அந்தக் கம்பெனி பேப்பர்ல எழுதிக் குடுக்கச் சொல்லு. அத சாமி காலடில வச்சிட்டு வாபஸ் வாங்கறேன். கணக்குத் தீராம வாங்கக் கூடாது. அது சாமிய ஏமாத்தற மாதிரி.”

அவர் அங்கேயே ஒரு வெள்ளைத்தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்பரசன் இரண்டு முறை படித்தான். “நல்லா எழுதியிருக்கீங்க சார். எட்டு வருசத்துக்கு முன்னாடி உங்க கையெழுத்துக்குக் கீழ சீல் இருந்திச்சி. இப்ப சீலு இல்ல. நான் இன்னா பண்றது?” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரைக் கொன்றது.

சண்முகப்ரியாவுக்குப் போன் போட்டு, முதன்முறையாக ஒன்றும் மறைக்காமல் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அவளும் இந்தப் பக்கத்துப் பெண்தானே. பைலைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டு மறுநாள் பேசினாள். ரிலீவிங் லெட்டர் கொடுக்க அவளால் முடியும். ஆனால் திருட்டு என்று எழுதிய வரியை அடிக்க வேண்டும் என்றால் ஆடிட்டில் கேட்பார்கள். எட்டு வருஷத்தில் அறுநூறுக்கு மேல் நாற்காலிகள் திருட்டு என்றே கணக்கில் நிற்கின்றன. வாட்ச்மேன் செத்துப்போனார். வேலையை விட்டுப் போனவர்கள் மூன்று பேராவது, என் நாற்காலி தானாக என் பின்னால் வந்தது, நான் எடுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் அந்த வரியை அவளே அடித்துவிடுவாள். எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களாக இருந்தாலும் சரி, நாற்காலிகள் இப்படிப் போவது உண்டு என்று நிரூபணமானால் போதும். “சார், எனக்காக அவசரப்படாதீங்க. அந்த அண்ணனுக்காகப் பண்ணுங்க” என்றாள். அதையும் அவர் கேட்டுக்கொண்டார்.

மூன்று பேரில் ஒருவர் அவரே. இன்னும் இரண்டு பேர். இந்த ஊரில் இரண்டு பேர் கிடைக்கமாட்டார்களா என்று தை மாதம் முழுக்க அலைந்தார். தன் தெருவில் முதல் வீட்டில் கேட்டார். “எங்க வூட்டுல நாற்காலியா? இல்லீங்களே” என்றார் அந்த வீட்டுக்காரர். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் பின்னால் பெட்ஷீட்டுக்குள்ளிருந்து சக்கரம் உருளுகிற சத்தம் கேட்டது. அடுத்த வீட்டுக்காரர், நானே ராஜினாமா செய்தேன், லண்டன் கம்பெனியில் கூப்பிட்டார்கள் என்றார். எஸ்டேட் பக்கம், உடைந்த பேசின்களை அடுக்கி வேலி கட்டியிருந்த வீட்டில் நான்கு நாற்காலிகள் போர்வையோடு வரிசையாக நிற்க, அந்தப் பையன் அது சலவைக்குப் போட்ட துணி என்றான். கோதண்டபாணி மதுரையிலிருந்து, “யாரு மாணிக்கவேலா? கேக் ஊட்டுனவரா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தார். மாணிக்கவேலுக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. அவர்கள் சொன்ன பொய்யெல்லாம் அவர் பஸ்ஸில் சொன்னதுதான்.

மாசியில் ஒரு நாள் கனகா அந்தப் பெட்ஷீட்டை உருவித் துவைத்துக் கொடியில் போட்டாள். காய்ந்த பிறகு மடித்து பீரோவில் வைத்துவிட்டாள். வாசலில் நாற்காலி வெயிலில் கருப்பாக நின்றது. தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். அவள் அதில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். பால்காரர், “இன்னாங்க, உங்க வூட்டுக்காரருதா?” என்று கேட்டதற்கு, “ஆமாங்க, அவருதுதான். பின்னாடியே வந்துடுச்சி” என்றாள். பால்காரர், “கைப்புடி கிழிஞ்சிருக்குது, கவருமெண்டாஸ்பத்திரி எதுக்க ஒருத்தரு தைக்கிறாரு” என்று சொல்லிவிட்டுப் பாலை அளந்து ஊற்றினார். இப்போதெல்லாம் அது மாணிக்கவேலோடு கமிட்டிக்கும் போகிறது, பஸ் ஸ்டாண்டுக்கும் போகிறது. கண்டக்டர்கள் கேட்காமலே லக்கேஜ் கிழிக்கிறார்கள்.

பங்குனி பிறந்துவிட்டது. தொண்ணூறு நாளில் இன்னும் இருபத்தொரு நாள் இருக்கிறது. சண்முகப்ரியா தினமும் காலை ஒன்பதரைக்கு அந்த இடத்தில் போட்ட புது நாற்காலியில்தான் உட்காருகிறாள். அன்பரசன் மூட்டை தூக்கப் போகிறான். ஆராயி கோயிலுக்குக் கிளம்பத் தயாராக, கையில் பேப்பர் வருவதற்காகக் காத்திருக்கிறாள்.

இதைப் படிக்கிறவர்களில் பெரிய கம்பெனியில் வேலை பார்த்து, வெளியே வந்து, வீட்டில் ஒரு நாற்காலியைப் போர்த்தி வைத்திருப்பவர்கள் கண்டிப்பாக இருப்பீர்கள். வெட்கமாகத்தான் இருக்கும். யாரும் உங்களை எதுவும் கேட்கப் போவதில்லை. எந்த ஊர், எந்த வருஷம், சக்கரமா காலா, தானாக வந்ததா, இவ்வளவுதான் வேண்டும். ஒரு வரி போதும். மாணிக்கவேல் எழுதிவிட்டார். இன்னும் இரண்டு பேர் வேண்டும். தயவுசெய்து கீழே பதில் போடுங்கள்.